ஊட்டுகிறவள் கணக்கு

தூத்துக்குடியை விட்டு வெளியூர் போகிறவர்கள் மக்ரூன் வாங்காமல் போவது அபூர்வம். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, இவ்வளவுதான் அதில் இருப்பது. இதே மாவட்டத்துக் கோவில்பட்டியின் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடற்கரைக்கு வந்தால் இறாலும் நண்டும் மீனும். குழந்தைகளுக்கு ஒவ்வாமை உண்டாக்கும் உணவுகள் என்று மருத்துவ நூல்கள் தரும் பட்டியலில் பாதிக்கு மேல் எங்கள் மாவட்டம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பண்டங்கள்தான். இதை எனக்கு எடுத்துச் சொன்னவள் என் பழைய மாணவி. இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறாள். ஒன்பது வயது மகளோடு கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவள், என்னிடம் இரண்டு எழுத்துகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒன்று, அபிப்பிராயம் கேட்டுக் கொடுத்த கவிதை. மற்றது, கவிதை புரியட்டும் என்று கூடவே வைத்த ஒரு கோடு போட்ட நோட்டு. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை. மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாது. அந்த நிலக்கடலையையே தினமும் அளந்து ஊட்டுகிறார்கள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஓரல் இம்யூனோதெரபி என்கிறார்கள். வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். எந்த உணவு குழந்தையின் உடலுக்குப் பகையோ அதையே கண்ணுக்குத் தெரியாத அளவில் தொடங்கி, நாள்தோறும் கொடுத்து, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போவது. யோசனை பழையது. 1908இல் ஆல்ஃப்ரட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கில மருத்துவர், முட்டை ஒவ்வாத 13 வயதுப் பையன் ஒருவனுக்கு, பச்சை முட்டையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை மாத்திரைக்குள் வைத்துக் கொடுக்கத் தொடங்கி, கடைசியில் முட்டை உண்ணவைத்ததை லான்செட் இதழில் எழுதினார். அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் கழித்து, 2020 ஜனவரியில்தான், நிலக்கடலை ஒவ்வாமைக்கான பால்ஃபோர்சியா என்ற தூளுக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை ஒப்புதல் தந்தது. முதல் நாள் மருத்துவர் முன்னிலையில் 0.5 மில்லிகிராம் புரதத்தில் தொடங்கி 6 மில்லிகிராம் வரை போகிறார்கள். பிறகு 3 மில்லிகிராமிலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக, 300 வரை. 300 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஒரே ஒரு கடலைப் பருப்பு. ஆறு மாதம் பாடுபட்டால் ஒரு கடலை. அதற்கப்புறம் தினமும் அந்த ஒரு கடலை. நிறுத்தினால் கிடைத்த பாதுகாப்பும் போய்விடக்கூடும். ஆசை தீரக் கடலைமிட்டாய் தின்ன வைப்பது இதன் நோக்கமில்லை. தெரியாமல் வாய்க்குள் போன ஒரு துணுக்கு உயிரைக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலன் இருக்கிறது. 2018இல் வெளியான பெரிய சோதனையில், மருந்து எடுத்த குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் 600 மில்லிகிராம் வரை தாங்கினார்கள்; வெற்றுத் தூள் எடுத்தவர்களில் 4 விழுக்காட்டினர்தான். விலையும் இருக்கிறது. 12 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் லான்செட்டில் வந்த ஆய்வு, கடலையைத் தவிர்த்து வாழ்ந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு உயிராபத்தான ஒவ்வாமைத் தாக்கு வந்தது என்றால், சிகிச்சையில் இருந்தவர்களில் 22 பேருக்கு வந்தது என்றது. ஆக, எதைக் கண்டு பயந்து சிகிச்சைக்குப் போகிறார்களோ அதுவே சிகிச்சையின் வழியில் கூடுதலாக வருகிறது. அப்படி வந்தால் தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும், உடனே. ஆகவே ஊட்டுகிற கைக்கு எட்டும் தூரத்தில் ஊசியும் இருக்க வேண்டும்.

இனி கவிதைக்கு வருகிறேன். நல்ல கவிதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண் எழுதினால் எப்படியும் வந்துவிடுகிற முத்துச்சிப்பி அதிலும் வந்திருந்தது. உறுத்தும் மணலைச் சிப்பி பொறுத்துப் பொறுத்து முத்தாக்குகிறது. மகளின் உடலும் அப்படியே. முத்துக்குளித்துறையில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. இந்த உவமை மட்டும் நிற்கவில்லை. 1973இல் இதே தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பியை மெந்தாலால் மயக்கி, கீறி, இன்னொரு சிப்பியின் திசுத்துண்டோடு ஓர் உருண்டையை உள்ளே வைப்பது அதன் முறை. உருண்டையை வெளியே தள்ளிவிடும் சிப்பிகள் உண்டு. செத்துப்போகும் சிப்பிகளும் உண்டு. உவமையில் இவை இரண்டும் வருவதில்லை. பொறுத்தவள் முத்தானாள் என்று மட்டும் வருகிறது. பொறுக்காதவளுக்கும் பொறுத்துச் செத்தவளுக்கும் நம் கவிதையில் இடமில்லை. சிகிச்சையைப் பற்றிய கவிதையில் இந்த விடுபடல் சாதாரணமானதில்லை, ஏனென்றால் அந்த விடுபட்ட இரண்டையும் கவனிப்பதுதான் சிகிச்சையின் பாதி வேலை.

நோட்டில் அவை இருந்தன. பதினெட்டு மாதக் கணக்கு. தேதி, அளவு, எதில் கலந்தது, எத்தனை மணிக்கு, என்ன ஆயிற்று. “80. ஆப்பிள் கூழ். 7.10. உதடு நமநமங்குது என்றாள். 7.30 சரி.” “120. தயிர். வேண்டாம் என்று அழுதாள். பாதியில் வாந்தி. டாக்டருக்குப் போன்.” “காய்ச்சல். கேட்டுவிட்டு நிறுத்தினோம்.” சில பக்கங்களில் காரணமே எழுதாமல் அளவு ஒரு படி இறங்கியிருக்கிறது. வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. கொடுத்து மூன்று மணி நேரத்துக்குள் ஓடியாடக் கூடாது, சுடுதண்ணீரில் குளிக்கக் கூடாது. வீட்டின் நேரம் முழுவதையும் இந்த மூன்று மணி நேரம் எப்படித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது என்பதை, ஒரு பெயரடைகூட இல்லாமல், அந்த நோட்டு காட்டுகிறது. அவள் வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டாள். பதினெட்டு மாதத்தில் வேறொரு கையெழுத்து ஆறு இடங்களில் வருகிறது. கணவருடையது. நான் எண்ணினேன், இப்படி எண்ணுவது விமர்சகியின் கெட்ட பழக்கம்.

இந்தச் சிகிச்சை பற்றிய கட்டுரைகளில் ‘பெற்றோர்’ என்ற சொல் வருகிறது. பெற்றோர் வீட்டில் கொடுக்க வேண்டும், பெற்றோர் கவனிக்க வேண்டும். தமிழில் அது பலர்பால். பலர்பாலுக்குள் ஒருத்தி ஒளிந்துகொண்டிருப்பதை இலக்கணம் சொல்லாது, கையெழுத்து சொல்லும்.

தமிழில் குழந்தையைப் பாட நமக்கென்று ஒரு சிற்றிலக்கியமே உண்டு. பிள்ளைத்தமிழ் என்றால் எங்கள் மாவட்டத்துக்குத் தனி உரிமை. பகழிக்கூத்தர் பாடியது திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழ். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். இரண்டையும் பல ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். தாயின் குரலில் ஆண் புலவர்கள் பாடியவை என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். நோட்டைப் படித்த பிறகுதான் இன்னொன்று பட்டது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று நாம் நடத்தும் பத்துப் பருவங்களில் சோறூட்டும் பருவம் இல்லை. நிலவை அழைக்க ஒரு பருவம் இருக்கிறது. நிலவைக் காட்டி ஒரு வாய் ஊட்டுவதற்கு இல்லை. ஒரு நாளில் தாய் அதிக நேரம் செலவழிக்கும் வேலை, தாயின் குரலை எடுத்துக்கொண்ட இலக்கியத்தில் தனக்கென்று ஒரு பருவம் பெறவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் பெரும்பகுதி உணவைப் பற்றியதே. அங்கே உண்பவர் இருக்கிறார். ஊட்டுபவரைக் காணோம்.

திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழின் முத்தப் பருவம் பலருக்கும் பிடித்தது. கடலோர முத்துக்கெல்லாம் விலை உண்டு, முருகன் தரும் முத்தத்துக்கு விலையில்லை என்று போகும். நோட்டின் உள்ளட்டையில் என் மாணவி சிவப்பு மையில் எழுதி வைத்திருப்பது: “கடலை தின்ற யாரும் அவளை முத்தமிடக் கூடாது.” மிகை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வாத உணவைத் தின்றவர் கொடுத்த முத்தத்தால் தாக்கு வருவது மருத்துவத்தில் பதிவான விஷயம். முத்தப் பருவத்தை இனி நான் எப்படி நடத்தப்போகிறேன் என்று தெரியவில்லை.

இந்த முறை அவள் ஊருக்கு வந்தபோது மாமியார் கேட்டாராம்: “தெனம் ஒரு கடலதான? ரெண்டு மூணா சேத்துக் குடுத்தா வெரசா சரியாயிரும்லா?” அன்பாகத்தான் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் எதற்கும் இதுதான் வைத்தியம். குடுத்துப் பழக்கு, பழகிரும். கேட்டால் சிகிச்சையும் அதையேதானே சொல்கிறது என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மில்லிகிராமில் இருக்கிறது. மருத்துவர் பார்வையில்லாமல், வீட்டில் யாரோ ஒருவர் நல்ல எண்ணத்தில் குழம்பில் கலந்து கொடுப்பது சிகிச்சை ஆகாது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த எண்ணம் வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சொல்லாமல் கலந்து கொடுத்த கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதிய பரிசிஷ்டபர்வம் என்ற சமண நூலில் வருவது. சந்திரகுப்தனை எந்த நஞ்சும் கொல்லக் கூடாது என்று சாணக்கியன் அவன் உணவில் நாள்தோறும் சிறிது நஞ்சைக் கலந்து, கூட்டிக்கொண்டே போகிறான். ஒருநாள் நிறைசூலியான அரசி துர்தரா அவனோடு அமர்ந்து அந்த உணவை உண்கிறாள். சாகிறாள். சாணக்கியன் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கிறான். அதற்குள் நஞ்சின் ஒரு துளி பிள்ளையின் தலையில் பட்டுவிட்டது. துளி என்றால் பிந்து, ஆகவே பிந்துசாரன். இந்தக் கதையைச் சாணக்கியனின் சாமர்த்தியத்துக்கும் பெயர்க் காரணத்துக்கும் சொல்வார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். ஓர் உடலுக்கு அளந்த அளவு இன்னோர் உடலைக் கொல்லும். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அளந்தவனிடம் கணக்கு இருந்தது, உண்டவளிடம் இல்லை.

பழகிரும் என்ற சொல்லை வேறோர் இடத்திலும் கேட்டிருக்கிறேன். இறால் உரிக்கும் கூடங்களில் வேலை பார்க்கும் பெண்கள் என் வகுப்பு மாணவிகளின் அம்மாக்களாக இருக்கிறார்கள். கையில் தடிப்பும் அரிப்பும் என்று சொன்னால், வந்த புதுசு, பழகிரும் என்பது பதில். பழகுவதில்லை. நண்டு, இறால் ஆலைகளில் ஆவியோடும் நீர்த்துளியோடும் புரதத்தைச் சுவாசித்துத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வேலை தொடரத் தொடர அது மோசமாகும். லண்டனில் கிடியன் லாக் என்ற குழந்தை மருத்துவர் முன்வைத்த கருத்து இங்கே உதவும். வெடித்த தோல் வழியாக உள்ளே போகும் உணவுப் புரதம் உடலைப் பகைக்கப் பழக்குகிறது. வாய் வழியாகப் போவது ஏற்கப் பழக்குகிறது என்றார் அவர். பொருள் ஒன்றுதான். எந்த வழியில், எந்த அளவில், யார் பார்வையில் என்பதில்தான் எல்லாம். அளவும் பார்வையும் இல்லாத இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து பழகிரும் என்பது வாயை மூடு என்பதற்கு நாகரிகமான சொல்.

அதே லாக்கின் குழுதான் 2015இல் தாய்மாரின் தலையிலிருந்து ஒரு பழியை இறக்கியது. இறக்கியதா, மாற்றி வைத்ததா என்பது வேறு கேள்வி. 2000இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கடலை கொடுக்காதீர்கள், பாலூட்டும் தாயும் கடலையைத் தவிர்க்கட்டும் என்றது. குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால், தாய் எதையோ தின்றிருக்கிறாள் என்று பொருள். 2008இல் இதற்குப் போதிய ஆதாரமில்லை என்று பின்வாங்கினார்கள். 2015இல் வந்த லீப் ஆய்வு தலைகீழாகச் சொன்னது. ஆபத்துள்ள 640 பச்சிளங் குழந்தைகளில், முதல் ஆண்டிலிருந்தே கடலை உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும், தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும் ஐந்து வயதில் ஒவ்வாமை இருந்தது. நோய் வருமுன் காக்கும் வழி இது. வந்துவிட்ட பிறகான சிகிச்சையோடு இதைக் குழப்பக் கூடாது. ஆனால் பழியின் இலக்கணத்தைப் பாருங்கள். முன்பு, ஏன் கொடுத்தாய்? இப்போது, ஏன் கொடுக்கவில்லை? எழுவாய் மாறவே இல்லை. நம்மூர்ப் பிள்ளைபெற்றவளின் பத்தியமும் இந்த வாக்கிய அமைப்பில்தான் நடக்கிறது. குழந்தைக்கு மாந்தமா, நீ என்ன தின்னே?

இந்தியாவில் இது பெரிய பிரச்சினையா என்று கேட்பார்கள். பெங்களூரு, மைசூரு பகுதியில் வயது வந்தோரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இரத்தப் பரிசோதனையில் ஏதாவதோர் உணவுக்கு எதிர்வினை காட்டியவர்கள் 26.5 விழுக்காடு, உண்மையில் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியவர்கள் 1.2 விழுக்காடுதான். குழந்தைகளிடம் இன்னும் குறைவு. ஆய்வுக்கூடத் தாளில் சிவப்பாக வந்த ஒவ்வோர் உணவையும் நிறுத்தச் சொல்லிக் குழந்தையை இளைக்க வைக்கிற வழக்கத்துக்கு இந்த இரண்டு எண்களும் பதில். அதே சமயம் அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் இருக்கும் குழந்தைக்கு, தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம்மூர் மருந்துக்கடையில் எளிதில் கிடைக்காது. 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி உறையில் நிலக்கடலை, முட்டை, பால், மீன், நண்டு இறால் வகை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. மக்ரூனை எடை போட்டுக் கட்டித் தரும் பொட்டலத்தில் எதுவும் எழுதியிருப்பதில்லை. அந்தப் பெண் எங்கள் ஊரில் இருந்த மூன்று வாரமும் என் மாணவி எந்தக் கல்யாண வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

சிகிச்சையின் குறிக்கோளைச் சொல்ல மருத்துவத் தமிழில் வழங்கும் சொல் சகிப்புத்தன்மை. எனக்குப் பிடிக்காத சொல். பெண் பிள்ளைகளுக்கு நாம் பாலோடு புகட்டுகிற சொல். ஆனால் நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒன்று தெரிந்தது. அந்தப் பெண்ணின் உடல் சகிக்கப் பழக வேண்டுமென்றால், அவள் வாய் சகிக்கக் கூடாது. தொண்டையில் என்னவோ பண்ணுது, வயிறு பிசையுது, நாக்கு தடிக்குது என்று அவள் சொல்லும் சொல்லை அந்த நொடியே நம்ப வேண்டும். பொய் சொல்கிறாள், பிடிக்காமல் சாக்குச் சொல்கிறாள் என்று ஒரு தடவை நினைத்தால் போதும், ஊசி எடுக்கத் தாமதமாகிவிடும். “வேண்டாம் என்றாள்” என்ற வரி நோட்டில் நாற்பது இடங்களுக்கு மேல் இருக்கிறது. அம்மா அதை அழுகைக்காக எழுதவில்லை, தரவாக எழுதியிருக்கிறாள். ஒரு சிறுமியின் வேண்டாம் என்ற சொல் தேதியும் நேரமும் போட்டுப் பதிவான வேறொரு தமிழ் எழுத்தை நான் பார்த்ததில்லை. கவிதையை விட்டுவிடு, இந்த நோட்டை எழுது என்று அவளிடம் சொன்னேன். “இதுல என்ன இருக்கு மேடம், வெறும் கணக்கு” என்றாள்.

கடைசிப் பக்கத்தில், அடுத்த தடவை மருத்துவரிடம் கேட்பதற்கென்று கேள்விகள் எழுதியிருந்தாள். பல் விழும் நாளில் கொடுக்கலாமா? விமானத்தில் எந்த ஊர் நேரத்துக்குக் கொடுப்பது? மூன்றாவது கேள்வியின் கீழ் இரண்டு கோடு. வயதுக்கு வந்தால் அளவைக் குறைக்க வேண்டுமா? மாதவிலக்கு நாட்களில் தாக்கு வரும் வாய்ப்புக் கூடலாம் என்று அந்த மருந்தின் எச்சரிக்கைத் தாளிலேயே இருக்கிறதாம். எங்கள் பக்கம் வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுப்பார்கள், வருகிற சொந்தமெல்லாம் எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் தட்டில் கொண்டுவரும், வேண்டாம் என்று சொல்ல அந்தப் பிள்ளையை விடமாட்டார்கள். அந்தச் சடங்கைத் தூத்துக்குடியில் வைக்க வேண்டும் என்று மாமியார் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கேள்விக்கு எதிரே பதிலுக்காக மூன்று வரி விட்டிருந்தாள்.